ஆமை முட்டைக்குக் கட்டிய கபர்

எனக்கு ஆமை மேல் பாசம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் என்னை இரக்க குணமுள்ளவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் இரக்கப்பட்டதில்லை. எரிச்சல்பட்டேன். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்ததும் நான் பாடம் நடத்திய தமிழ்ப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். முன்பாதியில் வீட்டுச் சொந்தக்காரியம்மா இருந்தார், மலாக்கா செட்டி. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். எல்லோரையும் போல நானும் அவரை அத்தை முறை வைத்து பீபிக் என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனிப் பட்டறையில் மெக்கானிக். பட்டறையை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டபோது அவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போன நேரத்தில் அந்த வேலை பெரிய பாதுகாப்பு. ஆனால் பாதுகாப்பைச் சமைத்துச் சாப்பிட முடியவில்லை.

அரிசி குறைந்தது, பிறகு பெயருக்கு வந்தது, பிறகு நின்றே போனது. வீட்டைச் சுற்றி மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, ராத்திரிக்கு மரவள்ளி இலையை அரைத்து ஒரு குழம்பு. இரண்டாம் வருஷத்தில் அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின. கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அமுக்கினால் குழி அப்படியே நிற்கும். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பார்த்துவிட்டு, "மருந்து இல்லைம்மா. பயறு, முட்டை ஏதாவது கிடைச்சா குடுங்க" என்றார். கோழி முட்டையெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பீபிக் சொன்னார், கிளேபாங் கடற்கரைக்குப் போனால் ஆமை முட்டை கிடைக்கும், கிழங்கு கொண்டு போ என்று.

சைக்கிளுக்கு டயர் கிடைக்காத காலம். ரப்பர் பாலைத் திரித்து முறுக்கி என் வீட்டுக்காரர் செய்துகொடுத்த டயரில், எலும்பெல்லாம் அதிர, கிளேபாங்குக்குப் போய்வர ஆரம்பித்தேன்.

அங்கே ஒரு மலாய்க்காரத் தம்பதி இருந்தார்கள். கரையில் ஒரு நீளம் வரை ஆமை முட்டை எடுக்கிற உரிமை சண்டைக்கு முன்பிருந்தே அவர்களுடையது. அந்த அம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். நான் அவரைக் காக் என்று கூப்பிட்டேன், அவர்கள் வழக்கத்தில் அக்கா. அவர் என்னை அடேக், அதாவது தங்கை என்பார். நாங்கள் பேசிக்கொண்டது மலாயில். கிழங்கைக் கொடுத்தால் முட்டை தருவார். பந்து மாதிரி உருண்டையாக, தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் வெள்ளைக்கரு இறுகாது. முதல் தடவை அது வேகவே இல்லை என்று நினைத்து ஒரு மணி நேரம் விறகை வீணாக்கினேன். ஓட்டில் ஒரு துளை போட்டு, உப்பைத் தூவி உறிஞ்ச வேண்டும். என் வீட்டுக்காரருக்கு முதலில் குமட்டியது. மூன்று வாரத்தில் வீக்கம் வடியத் தொடங்கியதும் குமட்டல் நின்றுவிட்டது.

காக்குக்கு ஒரு வழக்கம் இருந்தது. சில குழிகளைத் தொடமாட்டார். நான்கு குச்சி நட்டு, பழைய சாரோங் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிடுவார். "இது கடலுக்கு" என்பார். அந்தப் பக்கம் வருகிற மீனவர்களும் துணியைப் பார்த்தால் விலகி நடப்பார்கள். யாரும் சட்டம் போடவில்லை.

டவுனிலிருந்து பசித்தவர்கள் வரத் தொடங்கியதும் அது போய்விட்டது. செங் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்துகூட நடந்து வந்தார்கள். கையில் இரும்புக் கம்பி. மணலில் குத்திக் குத்தி இழுத்து, நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தால் அங்கே தோண்டுவது. அவர்களுக்குத் துணி கட்டிய குழி இன்னும் வசதியாகப் போயிற்று. இங்கேதான் முட்டை இருக்கிறது என்று எழுதி ஒட்டிய மாதிரி. ஒரு நாள் காலையில் நான் போனபோது காக் மணலில் நின்றுகொண்டு கிழிந்த துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் எல்லாத்தையும் எடுத்துடுங்களேன்" என்றேன். "எப்படியும் அவங்க எடுக்கத்தானே போறாங்க."

"அப்படித்தான் ஒவ்வொருத்தனும் சொல்றான், அடேக்" என்றார். "நான் விட்டா அவன் எடுப்பான், அதனால நான் விடமாட்டேன். அவனும் அதையேதான் சொல்றான்."

அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் முன்னால் வரிசை கலைந்தால் எனக்கு எவ்வளவு கோபம் வருமோ, அதே கோபம். வீட்டுக்கு வந்து தெருவில் எல்லோரிடமும் பேசிப் பார்த்தேன். துணி கட்டியதை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன் என்றேன். பீபிக் வெற்றிலையை மென்றுகொண்டே, "கடல் எவ்வளவு பெரிசு, அது எப்படித் தீரும்? நேத்துகூட ஒரு தாய் ஆமை ஏறிச்சாம்" என்றார்.

எல்லோருடைய பதிலும் அதுதான். நேற்றுகூட ஏறியது. அது உண்மையும்கூட. தாய் ஆமைகள் ஏறிக்கொண்டுதான் இருந்தன, முதுகோட்டில் பழுப்பும் மஞ்சளும் கலந்த வரிகளோடு, கிளி மூக்கோடு. அழுங்காமை என்று தமிழில் அதற்குப் பெயர் இருப்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. கரையைப் பார்த்தால் எதுவும் குறைந்த மாதிரி இருக்காது. குறைந்தது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அந்த வருஷங்களில் எங்கள் தெருவும் அப்படித்தான் இருந்தது. பெரியவர்கள் எப்போதும் போல சந்தைக்குப் போனார்கள், கோவிலுக்குப் போனார்கள், சண்டை போட்டார்கள். ஆனால் எந்த வீட்டிலும் தொட்டில் ஆடவில்லை. பிறந்த ஒன்றிரண்டும் காய்ச்சலில் போயின. தெருவில் நடமாட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு இது தெரியுமா? ஓர் உயிரினம் அழிகிறது என்றால் இதுதான் என்று நான் புரிந்துகொண்டேன். கிழடுகள் இருக்கும், பின்னால் வருகிறது இருக்காது. கிழடுகள் போகிற அன்றைக்குத்தான் எல்லோரும் ஐயோ என்பார்கள். இதைச் சொல்லி யாருக்கும் புரியவைக்க என்னால் முடியவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் பொறுமையிழந்தார். "இந்தா, உனக்கு என்னதான் வேணும்? அந்த முட்டையைத் தின்னுதான் நான் எழுந்து நடக்கிறேன். தின்னவும் கூடாதுங்கிறியா?"

"தின்னுங்க. பத்துக் குழியில எட்டைத் தின்னுங்க. ரெண்டை விடுங்க."

"அந்த ரெண்டை யாரு காவல் காக்கிறது? நீயா?"

அது குத்தலாகக் கேட்ட கேள்வி. நான் அதை அப்படியே காக்கிடம் போய்ச் சொன்னேன். யோசனை யாருடையது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பேசப் பேச வந்தது. மனிதன் எதைத் தோண்டமாட்டான்? இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே விடையைக் கண்டுபிடித்தோம் என்றுதான் நினைவு.

தாழை மரங்களுக்குக் கீழே, அலை ஏறாத மேட்டில் அன்று விடியற்காலையில் ஓர் ஆமை முட்டையிட்டுப் போயிருந்தது. காக் அதைத் தொடாமல் மேலே மணலைக் குவித்து நீளமான மேடாக்கினார், கைக்குழந்தை நீளத்துக்கு. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். மேலே செண்பகப் பூ நான்கைந்து. பார்த்தால் ஒரு மலாய்க் குழந்தையைப் புதைத்த கபர்.

காக்கின் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "பாவம் இது. பொய்க் கபர் கட்டுறீங்களே!"

"கல்லுல நான் ஏதாவது எழுதினேனா?" என்றார் காக். "மணல் குவிச்சேன், கல் வச்சேன், பூப் போட்டேன். பார்க்கிறவன் என்ன நினைக்கிறானோ அது அவன் கணக்கு."

அவருடைய வீட்டுக்காரர் மேட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "உள்ளே இருக்கிறதும் உயிர்தானே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போது அவரும் விலகி நடப்பதைப் பார்த்தேன்.

கம்பிக்காரர்கள் வந்தார்கள். சுற்றிலும் குத்தினார்கள், மேட்டுக்குக் கிட்டே வந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விலகினார்கள். ஒருவர் நின்று, கையேந்தி துஆ ஓதினார். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. கிழங்கு கொண்டு போகிற ஒவ்வொரு தடவையும் நான் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். பூ வாடியிருந்தால் மாற்றுவேன். குஞ்சு வெளியே வர ஏறக்குறைய இரண்டு மாசம் ஆகும் என்று காக் சொல்லியிருந்தார். அதில் பாதிக்கு மேல் கடந்துவிட்டது.

ஒரு நாள் காலை நானும் காக்கும் மேட்டருகில் இருந்தபோது ஒரு ஜப்பான் அதிகாரி இரண்டு சிப்பாய்களோடும் ஒரு மொழிபெயர்ப்பாளனோடும் வந்தான். அந்தச் சமயத்தில் கபர் என்ற பெயரில் அரிசியையும் துப்பாக்கியையும் புதைக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. யாரோ போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். பொட்டு வைத்த ஒரு தமிழ்ப் பெண் மலாய்க் குழந்தையின் கபருக்குப் பூ மாற்றினால் சந்தேகம் வராதா என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

எங்களைக் குனிந்து வணங்கச் சொன்னார்கள். வணங்கினோம். மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான்: "இது யாருடைய குழந்தை?"

"என்னுடையது" என்றேன் நான், காக்கைக் காப்பாற்ற.

"என்னுடையது" என்றார் காக், என்னைக் காப்பாற்ற.

இரண்டு குரலும் ஒன்றாக விழுந்தன. ஒரு குழந்தைக்கு இரண்டு அம்மா. மொழிபெயர்ப்பாளன் அதை ஜப்பானிய மொழியில் சொன்னதும் அதிகாரி தலையை மட்டும் அசைத்தான். சிப்பாய் ஒருவன் மண்வெட்டியை ஓங்கினான்.

"வெட்டாதே, மெதுவா, மெதுவா!" என்று காக் கத்தினார். முதல் வெட்டிலேயே முட்டைகள் உடைந்து மண்வெட்டி ஈரமாக மேலே வந்தது. உடைந்தவற்றுக்குள் குஞ்சுகள் கண் மூடி, கட்டைவிரல் அளவுக்கு இருந்தன. சிப்பாய் பின்வாங்கிவிட்டான். அதிகாரி உட்கார்ந்து பார்த்தான். துப்பாக்கியும் இல்லை, அரிசியும் இல்லை.

"எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"பிறக்கட்டும் என்று" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவன் அதை எப்படி மாற்றிச் சொன்னானோ தெரியாது. அதிகாரி எழுந்து வந்து காக்கின் கன்னத்தில் அறைந்தான். பொய் சொன்னதற்காம். காக் மணலில் விழுந்தார். என்னை அடிக்கவில்லை, ஏன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு அந்த ஆள், அதே மூச்சில், தன் ஊர்க் கரையிலும் ஆமை ஏறும் என்றும், தன் அம்மா அதற்கு ஒரு குவளை மது ஊற்றிக் கடலுக்கு வழியனுப்பிவைப்பாள் என்றும் சொன்னான். மொழிபெயர்ப்பாளன் அதையும் ஒரு வார்த்தை விடாமல் எங்களுக்குச் சொன்னான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் கிடக்கிற பெண்ணிடம் போய்ச் சொல்கிற கதையா அது?

அவர்கள் போன பிறகு காக் எழுந்து, உடையாத முட்டைகளை ஒவ்வொன்றாக, கிடந்த வாக்கிலேயே திரும்பக் குழிக்குள் வைத்து மூடினார். நான் உதவப் போனேன். "நீ வீட்டுக்குப் போ" என்றார். கோபமா, வலியா தெரியவில்லை. போனேன்.

அடுத்த வாரம் கரையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். மேலிருந்து கீழாக ஜப்பானிய எழுத்து. கிளேபாங்கில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. ஆமையைத் தொடாதே என்று இருக்கிறதாக மொழிபெயர்ப்பாளன் காக்கின் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கரைக்கு வந்தவர்களோ, இங்கே வந்தால் தலை போகும் என்று படித்துக்கொண்டார்கள். கம்பிகள் மறைந்தன. நான் மாசக்கணக்காகத் தெருத் தெருவாகப் பேசி நடக்காத காரியம், படிக்கத் தெரியாத ஒரு பலகையால் ஒரே நாளில் நடந்தது. எனக்கு அதில் கொஞ்சம்கூட சந்தோஷம் வரவில்லை. காக்கை அறைந்த கைதானே அந்தப் பலகையை நட வைத்தது. நன்றி சொல்வதா, காறித் துப்புவதா? இரண்டையும் செய்ய முடியாமல் பலகையைச் சுற்றிக்கொண்டு நடப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நான் போனபோது தாழைக்குக் கீழே மணல் கிண்ணம் மாதிரி உள்வாங்கியிருந்தது. காக் வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"வந்துச்சு" என்றார். "இன்னைக்கு விடியிற நேரத்துல."

"எத்தனை?"

"எண்ணலை. காக்காயை விரட்டிக்கிட்டு இருந்தேன்."

கடலுக்கு ஓடினேன். அலை ஏறி இறங்கியிருந்தது. ஒரு தடமும் இல்லை. குழியைக் கிளறினேன். காய்ந்து சுருண்ட கொஞ்சம் வெற்று ஓடுகள் இருந்தன, கெட்டுப்போன முட்டைகள் நிறைய இருந்தன. எத்தனை குஞ்சு தண்ணீரைத் தொட்டது, அதில் எத்தனை அன்றைக்கே மீன் வாயில் போயிற்று, யாருக்குத் தெரியும்? அத்தனை பாடுபட்டு ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. காக்கின் வார்த்தை ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது.

அந்த அதிகாரி மாற்றலாகிப் போனான். புதிதாக வந்தவன் கரையில் உப்புக் காய்ச்ச ஆள் போட்டான். பலகை அடுப்புக்குப் போனது. கம்பிகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை முட்டையோடு நிற்கவில்லை. ஆமை ஓட்டில் சீப்பும் டப்பியும் செய்ய ஜப்பான்காரர்கள் ஓடு கேட்கிறார்கள், பதிலுக்கு அரிசி தருகிறார்கள் என்று பேச்சு பரவியது. முட்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே தாயைப் புரட்டிப் போட்டார்கள். என் வீட்டுக்காரரே ஒரு நாள் பட்டறையிலிருந்து அரைப்படி அரிசி கொண்டு வந்தார். ஓடு ஏற்றிப் போன லாரியைப் பழுது பார்த்ததற்குக் கிடைத்தது என்றார். நான் அதைக் களைந்து உலையில் போட்டேன். சாப்பிட்டோம். நல்ல அரிசி. அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேனா என்று கேட்டால், இல்லை. பசித்தது. கோபமும் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், அரிசியும் மாவும் வரத் தொடங்கின, என் பள்ளிக்கூடமும் திறந்தது. இனிக் கரை தப்பிக்கும் என்று மனதார நம்பினேன். பசிதானே தோண்டியது, பசி போனால் தோண்டுவதும் போகும் அல்லவா? ஒரு சனிக்கிழமை பசாருக்குப் போனபோது மீன் கடைக்குப் பக்கத்தில் ஒரு இளைஞன் ஆமை முட்டையைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தான். ஜப்பான் காலத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்து கரைக்கு வந்தவன்தான்.

"இப்போ எதுக்குப்பா தோண்டுறே? அரிசி வந்துடுச்சே" என்றேன்.

"டீச்சர், இது பசிக்கு இல்ல, ருசிக்கு" என்று சிரித்தான். "எல்லாருக்கும் பழகிப்போச்சு. முன்னாடி கிளேபாங்காரங்க மட்டும்தான் தின்னாங்க. இப்போ டவுனே கேக்குது. ரெண்டு எடுத்துக்குங்க, உங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்குமே."

துணி கட்டிய குழி என்று ஒன்று இருந்ததைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு நினைவே இல்லை. கேலி செய்யவில்லை, உண்மையிலேயே மறந்துவிட்டிருந்தான். அதற்கு மேல் என்ன வாதாடுவது? கையில் இருந்த பையை அங்கேயே வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்து, பைக்காகத் திரும்பிப் போனேன்.

அடுத்த முட்டைப் பருவத்தில் காக்கைப் பார்க்கப் போனேன். அவருடைய வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார், உரிமை வேறு யாருக்கோ மாறிவிட்டது. அன்றைக்கே ஆயர் குரோ பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விடப் போவதாகச் சொன்னார். இரண்டு பேரும் கரையில் நடந்தோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கடலிலிருந்து ஒரு தாய் ஆமையின் தடம் மேலே ஏறி, பாதி வழியில் வளைந்து, குழி தோண்டாமலே திரும்பக் கடலுக்குள் போயிருந்தது. எதைக் கண்டு திரும்பியதோ. தடத்தைச் சுற்றி மூன்று பேர் கம்பியால் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"இங்க இல்ல" என்று காக் அவர்களிடம் சொன்னார். "இடாமப் போயிடுச்சு. தடத்தைப் பார்த்தாலே தெரியலையா?"

அவர்கள் எங்களை நிமிர்ந்து பார்த்தார்கள். நாங்கள் பொய் சொல்லி முட்டையை அமுக்கப் பார்க்கிறோம் என்று முடிவு செய்துகொண்டு, முன்னைவிட வேகமாகக் குத்தத் தொடங்கினார்கள். வெயில் ஏறும்வரை அவர்கள் வெறும் மணலைக் குத்திக்கொண்டிருந்ததை நின்று பார்த்துவிட்டு, காக்கின் துணி மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு, பெரிய ரோடு வரைக்கும் வந்தோம்.